பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கார்

ஆற்றில் முங்கிய ஆள் மறுபடியும் தலையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். கரையில் நின்ற நான் துப்பட்டாவை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஆறு என்பது பெயருக்குத்தான். ஊர்ச் சாக்கடை எல்லாம் கூட்டணி வைத்து ஓடுகிற கறுப்புத் தண்ணீர் அது. அதன் மேல் ஒற்றைச் செருப்பு ஒன்று என் பக்கமாகவே மிதந்து வந்து, என் மூஞ்சியைப் பார்த்ததும் மனசு மாறித் திரும்பிப் போனது.

"அண்ணி, நாம துப்பறிய வந்திருக்கோமா, மூச்சடக்கப் பழக வந்திருக்கோமா?"

அண்ணி பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. முன்னே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது நிஜமான விபத்து, எது வேண்டுமென்றே சுவரில் மோதியது என்று பிரித்துச் சொல்கிற உத்தியோகம். பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். அங்கே போய் இன்னும் அதிகமாகப் பொய் கேட்கிறார். நான் அந்த ஆபீஸின் டிரைவர், டைப்பிஸ்ட், வாய். அண்ணி என்னைக் கூப்பிடுவதே வாயாடி என்றுதான்.

எங்களை வரவழைத்தவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண். அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்ந்தவர். முந்தாநாள் காலையில் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. சர்க்கரை நோயாளி. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்ட கையோடு மகனிடம் சண்டை பிடித்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். சண்டை அந்தக் காரைப் பற்றித்தான். அதை விற்றுத் தொலைங்க என்று மகன். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் விற்றுக்கொள் என்று அப்பா. போனை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"ஊசி போட்டுட்டுச் சாப்பிடலன்னா சக்கரை கிடுகிடுன்னு இறங்கிடும். வேர்க்கும், தலை சுத்தும், நாக்கு குழறும். பார்க்கிறவங்க குடிச்சிருக்கார்னு நெனச்சுப்பாங்க. அவரால தனியா சமாளிக்க முடியாதுங்க" என்றாள் மகள். அழுகையெல்லாம் தீர்ந்துபோன பிறகு பேசுகிற குரல். தண்ணீரில் இருந்த ஆள் முங்குகிறபோதெல்லாம் இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ் இந்த ஆற்றைக் கலக்குவதற்குக் காரணம் ஒரே ஒரு போட்டோ. ஊரில் சில பேருக்கு ஒரு பைத்தியம். போகிற வழியில் பழைய கார் எதையாவது பார்த்துவிட்டால் நடுரோட்டில் நின்று படம் பிடித்து, 'ரோட்டில் கண்டோம்' என்ற போன் குழுவில் போடுவார்கள். கண்காட்சிக்கு வந்த கார் செல்லாது. ஷெட்டில் பூட்டி வைத்த கார் செல்லாது. அது பாட்டுக்குக் காய்கறி வாங்கவோ முடி வெட்டவோ ரோட்டுக்கு வந்த இடத்தில் கையும் களவுமாகப் பிடிபட வேண்டும். படத்தில் ஆள் யாரும் இருக்கக் கூடாது. ஆள் இருந்தால் மார்க் கிடையாதாம்.

முந்தாநாள் அந்தக் குழுவில் கண்ணாடிக்காரரின் கார் வந்திருந்தது. வெளிர் பச்சை, உருண்ட முகம், சுவரை உரசுகிற மாதிரி ஒட்டி, மழைத் தூறலில் நனைந்தபடி. உள்ளே யாரும் இல்லை. 'பாலத்துக்குப் பக்கத்துல, இன்னிக்குக் காலையில' என்று கீழே எழுதியிருந்தான் பம்பர் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ஒருவன். யாரோ அதை மகளுக்கு அனுப்ப, அவள் அதைப் போலீசுக்குக் காட்ட, கோபித்துக்கொண்டு போன பெரியவர், ஆறு, பாலம் என்று அவர்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் பம்பருக்குப் போன் செய்து விசாரித்தும் இருக்கிறார். பாலம்தான் சார், சந்தேகமே இல்லை என்றானாம். அதோடு தேடல் எல்லாம் ஊரின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிகளில்கூட இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில்தான் கேட்டார்கள்.

நான் ஒரு பொய்ப் பெயரில் அந்தக் குழுவுக்குள் நுழைந்திருந்தேன். பச்சைக் காருக்குக் கீழே வந்த பேச்சை எல்லாம் படித்தேன். சக்கர மூடி ஒரிஜினலா என்று ஒருத்தன். பின்விளக்கு மாற்றியிருக்கிறார்கள், மனசே ஆறவில்லை என்று ஒருத்தன். அப்பப்பா, என்ன அழகு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று இன்னொரு மகானுபாவன். காரை விட்டுவிட்டு அதன் சொந்தக்காரர் எங்கே போனார் என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. காணாமல்போன செய்தி வந்த பிறகும் பின்விளக்கைப் பற்றியே அடித்துக்கொண்டிருந்தார்கள். சீ என்றிருந்தது எனக்கு.

அப்படியே பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு போனபோதுதான் அது கண்ணில் பட்டது.

"அண்ணி, இந்த ஊர்ல எல்லாப் பழைய காரும் பாலத்துக்குப் பக்கத்துலதான் மேயுது போல. லாண்டரி வேன் பாலத்துக்குப் பக்கத்துல. கல்யாணக் கார் பாலத்துக்குப் பக்கத்துல. இதோ, பேக்கரி வாசல்ல ஒண்ணு நிக்குது, பின்னாடி பன்னு தெரியுது. அதுவும் பாலத்துக்குப் பக்கத்துலயாம்."

அண்ணி போனை வாங்கிப் பார்த்தார். பிறகு பாலத்தைப் பார்த்தார். இரும்புக் கம்பிகளும் செடிகளும்தான் இருந்தன. பேக்கரியும் இல்லை, காரை ஒட்டி நிறுத்த ஒரு சுவரும் இல்லை. "உன் குழுவுல யாரையாவது கேளு, எந்தப் பாலம்னு" என்றார்.

கேட்டேன். கார்புரேட்டர் என்ற ஒருவன் சிரிக்கிற பொம்மையோடு உடனே பதில் போட்டான். குழுவுக்குப் புதுசா? பாலம்னா, இடத்தைச் சொல்ல மாட்டேன்னு அர்த்தம். சொன்னா நாளைக்கே பத்துப் பேர் அங்க போய் நின்னுடுவான்.

படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை அப்படியே அண்ணியிடம் நீட்டினேன். அது அவர்களுக்குள் ஒரு கேலிப் பேச்சு. அதை நம்பிக்கொண்டு நேற்றிலிருந்து ஒரு மனுஷன் இந்தச் சாக்கடையில் முங்கி எழுந்துகொண்டிருக்கிறான். அதைப் பார்த்து ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போலீஸே கூப்பிட்டுக் கேட்டபோதும் பம்பர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

அண்ணி இன்ஸ்பெக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் நம்பினாரா இல்லையா தெரியாது, ஆனால் முங்கிய ஆளுக்குக் கரையேற உத்தரவு கிடைத்தது. அண்ணி மகளின் பக்கம் திரும்பினார்.

"இந்த வண்டிக்கு என்னென்ன வியாதின்னு சொல்லுங்கம்மா. ஒண்ணு விடாம."

மகள் முதன்முதலாக லேசாகச் சிரித்தாள். வியாதியைக் கேட்டால் சொல்லி மாளாது என்றாள். செல்ஃப் எடுக்காது. அதனால் அப்பா எங்கே போனாலும் இறக்கமாகப் பார்த்து, மூக்கு கீழ்ப்பக்கம் இருக்கிற மாதிரிதான் நிறுத்துவார். திரும்பி வரும்போது உருட்டி விட்டால் கிளம்பிவிடும். சமதளத்தில் நிறுத்தினால் யாரையாவது தள்ளச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டும். டிரைவர் பக்கத்துக் கதவின் உள் கைப்பிடி உடைந்துபோய் வருஷக்கணக்காகிறது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொண்டுதான் இறங்குவார். அண்ணன் அதைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான் என்றாள்.

அண்ணி போட்டோவைப் பெரிதாக்கினார். "இதுல வண்டி மேட்டைப் பார்த்து நிக்குது. சுவத்தோட கல் வரிசையையும் ரோட்டையும் பாருங்க, நல்ல ஏத்தம். உங்கப்பா இங்க நிறுத்தணும்னு நிறுத்தல. உடம்பு முடியாம ஒதுங்கியிருக்கார்."

மகள் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"சரி, எந்த மேடு அண்ணி? ஊர்ல மேட்டுக்கா பஞ்சம்?"

"வண்டி பூராவும் சேறு. முன் சக்கரத்து மூடி மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி மின்னுது?"

பார்த்தேன். உண்மைதான். குளிக்காத பிள்ளைக்கு மூக்கை மட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"படம் நல்லா விழணும்னு துடைச்சிருக்கான். அந்த மூடிக்குள்ள என்ன தெரியுது, சொல்லு வாயாடி."

இன்னும் பெரிதாக்கினேன். வளைந்த உலோகத்தில் எதிர்ப்பக்கத்துக் கடை ஒன்று வளைந்து தெரிந்தது. போர்டில் எழுத்தெல்லாம் கலங்கல். ஆனால் அதன் மேலே தனியாக வெள்ளையாக ஒன்று, இரண்டு கால்களோடு நின்றது. யாரோ பேண்ட்டைக் காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பல்லு" என்றாள் மகள் மெதுவாக. "கடைவாய்ப் பல்லு."

*

பெரிய பல் பொம்மை வைத்த பல் ஆஸ்பத்திரி, ஏற்றமான ரோடு, எதிரே கற்சுவர். அண்ணி பின்சீட்டில் உட்கார்ந்து போன் மேல் போன் போட, நான் எங்கள் ஏ.சி. வேலை செய்யாத டப்பா வண்டியை ஊரின் மறுபக்கத்துக்கு விரட்டினேன். இதைப் பார்த்து ஒருவனும் படம் எடுக்க மாட்டான் என்ற ஒரு நிம்மதி உண்டு.

இடம் அகப்பட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரப் பல், ஓரத்தில் பாசி பிடித்து. பல்லுக்கே சொத்தை என்று நினைத்துக்கொண்டேன். எதிரே சுவரை ஒட்டிக் கார் இல்லை. ஆனால் தார் ரோட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய் ஊறியிருந்தது. மகள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலைத் துடைக்கவே இல்லை.

உள்ளே ஒரே மருந்து நாற்றம். கதவுக்கு அப்பால் எவனுடைய வாயிலோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் பிளாஸ்டிக் பல் செட் ஒன்று இளித்தது. வரவேற்புப் பெண் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே பேசினாள். அந்தப் பச்சைக் காரா, நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒருத்தர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் சக்கரத்தைத் துடைத்தார். ரோட்டிலேயே படுத்துக்கொண்டுகூட எடுத்தார் என்றாள். காருக்குள் பெரியவர் யாராவது இருந்தாரா என்று அண்ணி கேட்டதற்கு, உள்ளே டாக்டர் கூப்பிட்டதால் போய்விட்டேன், கவனிக்கவில்லை என்றாள்.

"அப்புறம் காரை லாரியில ஏத்திட்டுப் போனாங்க. லாரி பக்கத்துல பெரிய சோபா படம். அவரே கூட இருந்து, பார்த்து மெதுவா, கீறல் விழக் கூடாதுன்னு கத்திக்கிட்டே ஏத்தினாரு. குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கினாங்க."

சோபா படம் போட்ட லாரி வைத்திருக்கிற கடை ஊரில் ஒன்றே ஒன்றுதான். அதன் முதலாளி பழைய கார்ப் பித்தர் என்பதும் ஊருக்கே தெரிந்த விஷயம். வெளியே வந்ததும் என் மூளை கிடுகிடுவென்று கதை கட்டியது. மகனுக்குக் காரை விற்க வேண்டும். பம்பருக்குக் கார் வேண்டும். நடுவில் நிற்பது கிழவர் ஒருத்தர்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவரை... என்று ஆரம்பித்தேன். மகள் பக்கத்தில் நிற்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பிளாஸ்டிக் பல் செட்டாகவே நான் மாறிப் போயிருந்தால் தேவலை என்றிருந்தது.

*

சோபாக் கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே வாசனைத் தண்ணீர் தெளித்து, சத்தமில்லாத பாட்டு போட்டு, ஒவ்வொரு சோபாவுக்கும் பளபளவென்று பிளாஸ்டிக் உறை. முதலாளி எழுந்து வந்தான். மென்மையான ஆள். மென்மையான குரல். விரல் நகம் எல்லாம் அளவாக வெட்டியிருந்தது. இவனா பம்பர் என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. நான் உட்கார்ந்ததும் என் முதுகுக்குப் பின்னால் ஒரு துணியை விரித்தான். எண்ணெய்த் தலை படாமல் இருக்கவாம்.

அண்ணி சோபா வாங்க வந்தவர் மாதிரியே பேசினார். லாரியில் அனுப்பும்போது கீறல் விழாதா என்றார். விழவே விழாதுங்க, பஞ்சு வைத்துத் தைத்த போர்வை போட்டு மூடித்தான் ஏற்றுவோம் என்றான் அவன். அந்தப் போர்வையைப் பார்க்கலாமா என்றார் அண்ணி. அவன் முகத்தில் ஒரு நொடி ஏதோ ஓடியது. எல்லாம் வெளியே போயிருக்கிறது என்று பூசி மெழுகினான்.

"எல்லாமே ஒரே கார் மேலயா போயிருக்கு?"

அதற்குள் மகள் எழுந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. வெறுங்காலோடு விடுவிடுவென்று நடந்து, பின்பக்கத்து கோடவுன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேடு. நீலப் பஞ்சுப் போர்வைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரங்களில் கயிறு கட்டி, காற்றுகூடப் புகாமல். கீழே சொட்டுகிற எண்ணெய்க்கு ஒரு தட்டு. தட்டுக்குக் கீழே தரை அழுக்காகாமல் ஒரு செய்தித்தாள். மூலையில் ஈரப்பதம் போக ஒரு சின்ன ஃபேன். மகள் கயிறுகளைப் பிய்த்தாள். போர்வைகளை இழுத்துப் போட்டாள். பச்சைக் கார். கண்ணாடியில் முகத்தை அழுத்திப் பின்சீட்டைப் பார்த்தாள், முன்சீட்டைப் பார்த்தாள், தரையில் மண்டியிட்டுக் கீழேகூடப் பார்த்தாள்.

"மெதுவாங்க, பெயிண்ட்" என்றான் அவன்.

சத்தியமாக அதைத்தான் சொன்னான். என் கை தானாக மடங்கியது. நான் யாரையும் அடித்ததில்லை. அந்தக் கணத்தில் அடிக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன்.

அண்ணி அவனுக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றார். "அவர் எங்கே?"

எனக்குத் தெரியாதுங்க என்றான். நான் பார்க்கும்போது வண்டி காலியாகத்தான் நின்றது, சாவி வண்டியிலேயே இருந்தது, மழையில் ரப்பர் எல்லாம் கெட்டுவிடும், வேறு எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான், பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் எடுத்து வந்தேன், சொந்தக்காரர் வந்து கேட்டால் கொடுத்திருப்பேன் என்று மென்மையாகவே சொல்லிக்கொண்டு போனான். குரலில் ஒரு பிசிறு இல்லை. இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருப்பான்.

அண்ணி போட்டோவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நீங்க போட்ட படம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி முழுசா ஏத்தியிருக்கு, உள்ள ஆள் இல்ல. இந்தக் கதவை உள்ளயிருந்து திறக்க முடியாது. கைப்பிடி உடைஞ்சு கிடக்கு, வேணும்னா உக்காந்து பாருங்க. கண்ணாடியை இறக்கினாத்தான் அவர் வெளிய வர முடியும், இறங்கினப்புறம் அதைத் திரும்ப ஏத்தி வைக்கிற நிலைமையில அவர் இல்ல. ரெண்டே கதவு வண்டி, அந்தப் பக்கக் கதவு சுவத்தோட ஒட்டியிருக்கு. அவர் தானா இறங்கல. வெளியில நின்ன யாரோ திறந்துதான் இறக்கியிருக்காங்க. அந்த ரோட்டுல அப்ப இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

அவன் காரின் கதவையே பார்த்தான். இந்த மாடலைப் பற்றி ஊரில் எல்லாம் தெரிந்தவன் தான்தான் என்று நினைத்திருந்தவனுக்கு அந்த உடைந்த கைப்பிடி மட்டும் தெரியவில்லை. அவன் வெளியிலிருந்தேதான் திறந்திருந்தான்.

"போனைக் குடுங்க" என்றார் அண்ணி. கொடுத்தான். குழுவில் போட்ட படத்துக்கு முன்னால் எடுத்த படம் அதிலேயே இருந்தது. அழிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. அதே கார், அதே சுவர். டிரைவர் சீட்டில் பெரியவர். முகமெல்லாம் வேர்வை. ஒரு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தியிருந்தார்.

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எடுக்காதேன்னு கை காட்டறார்னு நெனச்சேன்" என்றான் அவன். "பேசினார், ஒண்ணும் புரியல. நாக்கு குழறிச்சு. குடிச்சிருக்கார்னு... ஆள் இருந்தா படம் செல்லாதுங்க. அதான் கைத்தாங்கலா இறக்கிக் கூட்டிட்டுப் போனேன். கீழ பஸ் ஸ்டாப் பெஞ்சு இருக்கு. அதுல உக்கார வச்சேன். படம் எடுத்து முடிச்சிட்டு வந்து பார்க்கலாம்னுதான்..."

"வந்து பார்த்தீங்களா?"

"லாரி வந்துடுச்சு."

கோடவுனில் அந்தச் சின்ன ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கட்டிய கதையை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது. சதி இல்லை, கூட்டு இல்லை. கொலை செய்திருந்தால்கூட அந்த மனுஷரை ஒரு பொருட்டாக நினைத்தான் என்று ஆகியிருக்கும். இவனுக்கு அவர் படத்தை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு குப்பைத்தொட்டி. ஓரமாக நகர்த்தி வைத்தான், அவ்வளவுதான். காருக்குப் பஞ்சுப் போர்வை, ஃபேன், எண்ணெய்க்குத் தட்டு. அவருக்குத் தூறலில் சிமெண்ட் பெஞ்சு. சுத்தமாகக் கைகழுவிவிட்டு வந்து, போலீஸ் கேட்டபோது பாலம் என்றும் சொல்லியிருக்கிறான். மூஞ்சியில் காறித் துப்பலாம் என்றால், அதையும் துணியால் துடைத்துக்கொண்டு சோபா நனைந்ததா என்று பார்ப்பான்.

அண்ணி நேரத்தை வீணாக்கவில்லை. அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே போன் செய்தார். முந்தாநாள் அந்த ஸ்டாப்பிலிருந்து பெயர் தெரியாத பெரியவர் யாராவது வந்து சேர்ந்தாரா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மகள் அண்ணியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தான் பிடித்திருப்பதே தெரியாமல். போனின் மறுமுனையில் இருந்தவர் எழுந்து போய்ப் பார்த்து வந்து சொல்வதற்குள் என் உயிர் போய் வந்தது.

"இருக்கார்" என்றார் அண்ணி. "உயிரோட இருக்கார்மா."

மகள் அப்படியே போர்வைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, ஆற்றுக்குப் பதிலாக சோபாக் கடைக்கு ஆளனுப்பச் சொன்னார். வந்தவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான், யாராவது அந்தப் போர்வையைத் திரும்பப் போட்டுவிடுங்கள் என்று.

*

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். தலையில் கட்டு, கையில் குளுக்கோஸ். கட்டிலின் அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்து தலையில் அடி, சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாள் நர்ஸ். யாரோ பஸ்ஸுக்கு நின்றவர்கள் தூக்கி வந்தார்களாம். முதலில் அவர்கள் கூப்பிட்டபோது வர மாட்டேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். விழுந்த பிறகுதான் தூக்க முடிந்ததாம். இன்று காலையிலிருந்துதான் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார் என்றாள்.

மகள் குனிந்து அப்பா என்றாள். பெரியவர் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். சாப்பிட்டியா என்று கேட்டார். அவள் அவர் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அதுவரை தேக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். எனக்கும் கண் கரித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"கூப்பிட்டவங்களோட ஏன்பா வரல?"

"எப்படி வரது? அந்தத் தம்பி காத்திருக்கச் சொன்னானே." பேச்சு இன்னும் கொஞ்சம் குழறியது. "நல்ல பையன். அவ்வளவு மெதுவா இறக்கி விட்டான். இங்கயே உக்காருங்க, வந்துடறேன்னான். நான் எழுந்து போயிட்டா, வந்து பார்த்துத் தவிச்சுப் போயிட மாட்டானா?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ பொய்யர்களைப் பார்த்தவர், அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

பெரியவரின் கண் என் மேல் வந்து நின்றது. "அவனைப் பார்த்தா சொல்லும்மா. வண்டியை மேட்டைப் பார்த்து விட்டுட்டேன், செல்ஃப் எடுக்காது. இறக்கத்துல திருப்பி நிறுத்தச் சொல்லு. பாவம், தள்ளிக்கிட்டுக் கஷ்டப்படப் போறான்."

மகள் என்னைப் பார்த்தாள். இப்போது வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள்.

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். கடைசியில் ஒரு கை கழுவுகிற தொட்டி இருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கழுவிவிட்டு மறுபடியும் கழுவினேன். அவனை நான் தொடக்கூட இல்லை. அவன் விரித்த துணியில் என் தலை பட்டிருந்தது ஞாபகம் வந்தது. குழாய்க்கு அடியில் தலையைக் குனிந்து கொடுத்தேன்.